பட்டணத்து நோட்டு

கங்கம்மாளிடம் ஒரு பைசா கறப்பதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான். மீன் விற்க உட்கார்ந்தால் விலை இறங்கமாட்டாள். வாங்கப் போனாலோ, கடைக்காரன் அழாத குறை. அறுபத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதம், மகள் குணசுந்தரி ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாளே என்று கும்மிடிப்பூண்டிக் கடையில் நோட்டு விலை கேட்டவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பட்டணத்து மொத்தக் கடையில் பாதி விலைதானாம். ஆனால் நாளை மறுநாளே பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பட்டணம் போய்வர இடையில் ஒரே ஒரு நாள்தான்.

அதோடு இன்னொரு சிக்கல். அன்றைக்குத்தான் அவர்கள் வீட்டுப் பாடு. பழவேற்காடு ஏரியில் நல்ல மீன் விழும் இடத்தில் குப்பத்து வீடுகள் முறை வைத்துத்தான் வலை போடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அடுத்த பாடு வரும்வரை அடுப்பெரிவது அந்த மீன் காசில்தான்.

"நீ பட்டணம் பூட்டா மீனை யாரு விக்கறது? இங்கயே வாங்கிடேன்" என்றான் புருஷன் துலுக்காணம். அவன் பேசுவதே அபூர்வம்.

"நீ கரைக்கு வரதுக்குள்ள நான் வந்துடுவேன்யா. மத்தியான வண்டி கீதில்ல?"

பட்டணத்துக் கடையில் நுழைந்தவள் அசந்து நின்றுவிட்டாள். தரையிலிருந்து கூரைவரை காகிதம், உப்பளத்துக் குவியல் போல வெள்ளை வெளேரென்று. இத்தனையையும் எழுதித் தீர்க்க எத்தனை பிள்ளைகள் படிக்க வேண்டும்! அதில் ஒருத்தி தன் வயிற்றில் பிறந்தவள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தாள். நோட்டில் இறங்கிய கடைக்காரன் ஜாமெட்ரி பாக்ஸில் பிடிவாதமாக நின்றான். எழுந்து போவதும் திரும்பி வருவதுமாகக் கடைசி எட்டணாவையும் இறக்கிவிட்டாள். அதற்குள் மத்தியான வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டியில் அவள் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். இந்த வெயிலுக்கு மீன் தாங்குமா? எட்டணாவுக்கு ஆசைப்பட்டுப் பாடு முழுவதையும் வாரிக் கொட்டிவிட்டோமே!

கும்மிடிப்பூண்டியில் இறங்கியதும் சாயங்காலச் சந்தைக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு அங்காளம்மாளைப் பார்த்தால் மீன் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். ஆனால் மீன் வரிசையை நெருங்கும்போதே ஓர் ஆண் குரல் கேட்டது.

"மடவை! மடவை! பாட்டுல புடிச்ச மடவை!"

பிடிப்பது ஆம்பளை, விற்பது பொம்பளை. இதுதான் குப்பத்து வழக்கம். அந்த வரிசையில் எந்த ஆணும் கூடை வைத்து உட்கார்ந்ததில்லை. அங்கே துலுக்காணம் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாமா, பொடவை ஒண்ணு எடுத்தாரவா?" என்றாள் அங்காளம்மாள். வரிசையே சிரித்தது. அவன் காது சிவந்தது. தலை நிமிரவில்லை, குரல் மட்டும் நிற்கவில்லை. புயலில் படகு கவிழ்ந்த அன்றுகூட வாய் திறந்து கத்தாத மனுஷன்!

ஒருத்தி குனிந்து, ஒரு ரூபாய் பெறும் மீன் கூறு ஒன்றை அரை ரூபாய்க்குக் கேட்டாள். அவன் மறுபேச்சில்லாமல் கொடுத்து, மேலே இன்னொரு மீனையும் வைத்தான். பட்டணத்தில் இறக்கிய காசெல்லாம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. பழக்கத்தில் கங்கம்மாளுக்கு வாய் திறந்துவிட்டது. தான் இப்போது போய் உட்கார்ந்தால் அவன் எழுந்திருக்க வேண்டும், அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே. வாயை மூடிக்கொண்டாள். நோட்டுக் கட்டை மார்போடு அணைத்தபடி பூக்கடைக்குப் பின்னால் நின்று, கூடை காலியாகும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டின புருஷனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பது போல இருந்தது.

கடைசிக் கூறும் போனபிறகு கிட்டே போனாள். அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு காசை நீட்டினான்.

"கம்மியா வித்துட்டனா?"

கங்கம்மாள் காசை எண்ணிப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான் வித்திருந்தாலும் இவ்ளோதான்யா வந்திருக்கும்" என்றாள்.