சாவிக்காரரின் கைவரிசை

கதவில் டமாரென்று ஏதோ வந்து மோதியது. சாவிக்காரர் கையிலிருந்த தட்டு நழுவித் தரையில் உருண்டது.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க. உங்க கையாலதான் ஆகணும்." மச்சினன் குரல்.

வாசலில் முப்பது பேர். ரவுடிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மருந்துக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், ஓவிய வாத்தியார் எல்லாம் இருந்தார்கள். வாத்தியார் கடப்பாரையைக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கியிருந்தார்.

இரண்டு நாளாக ஆற்றின் இரு கரையும் அடித்துக்கொண்டிருந்தன. இக்கரையில் கடை வைத்திருந்த ஒரே அக்கரைக்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர். அவர் கடையைக் கொளுத்தப் போனவர்களுக்கு ஷட்டர் பூட்டு அசைந்து கொடுக்கவில்லை.

காலையில் கடிகாரக்காரரையும் அவர் மகளையும் உள்ளே வைத்து வெளியே பூட்டியவரே சாவிக்காரர்தான். இருபது வருடச் சிநேகிதம். "பூட்டு தொங்கினா காலின்னு நினைச்சுப் போயிடுவாங்க" என்பது அவர் யோசனை. பூட்டும் அவர் செய்தது. சாவியை மனைவி அரிசிப் பானைக்குள் புதைத்திருந்தாள்.

வர மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். போய்ப் பூட்டுக்குள் கம்பியை விட்டு ஆட்டிவிட்டு, உதட்டைப் பிதுக்கினால் தீர்ந்தது. அப்படியே செய்தார்.

"இது திறக்காதுப்பா."

"செஞ்சவருக்கே திறக்க வரலையாம்" என்றார் கண்டக்டர். கூட்டம் சிரித்தது.

"கண்ணாடி போட்டுக்கங்க அண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கண்ணு நல்லாத்தான் தெரியுது."

"அப்ப கைதான் போச்சு."

மச்சினனுக்கு அவமானமாகிவிட்டது. "விடுங்க, மாமாவுக்கு வயசாயிடுச்சு. பஜார்ல புதுசா சாவிக்கடை போட்டிருக்கானே, அவனைக் கூப்பிடுவோம். ரெண்டு நிமிஷத்துல திறப்பான்."

"அவனா? பீரோ திறக்கத் தெரியாம கதவையே அறுத்தவன்."

"உங்களுக்கு அதுவும் வரலையே" என்றார் வாத்தியார்.

சாவிக்காரருக்குக் காது சூடேறியது. நாற்பது வருடத் தொழில். அந்தப் பூட்டில் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டிய ஐந்து லீவர் தகடுகள். மூன்றாவது வெறும் போலி என்பது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மண்டியிட்டார். கம்பியை நுழைத்துப் பூட்டோடு காதை ஒட்டினார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு, நான்கு. உள்ளே யாரோ இருமலை விழுங்கியது அவருக்கு மட்டும் கேட்டது. ஐந்து.

பூட்டு வாயைப் பிளந்தது. கூட்டம் கை தட்டியது.

"கைன்னா இதுதாண்ணே கை" என்று மருந்துக்கடைக்காரர் தோளில் தட்டினார்.

ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டபோது சாவிக்காரர் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அடுத்து ஒரு பெண்ணின் அலறல். நடையை எட்டிப் போட்டார்.

அலறல் வீடு வரைக்கும் வந்திருந்தது. மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ள அவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சேவா திறந்தீங்க?"

"தெருவே நின்னு பார்க்குது. எனக்குத் திறக்கத் தெரியலைன்னு எப்படிடி சொல்றது?"