வெள்ளிக்கிழமை எழுத்து

மனைவி ஐரிஸின் இமைகளை இரண்டாம் முறையும் மூடிவிட்டுத் தேவராஜா யன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அவளுடைய முகத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பி, போர்வையைத் தோள்வரை கொண்டுவந்து, வாசலில் போய் நின்று பார்த்தார். நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் சொல்லி அனுப்பிய நாள் தொட்டு அவள் அப்படித்தான் கிடந்தாள்.

திரும்பி வந்து கட்டிற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. அழுதால் அடுத்த அறையில் கேட்கும். அங்கே மகள் தர்ஷிகா படுத்திருந்தாள். "விடிஞ்சால் எழுத்து. கலியாணப் பொம்பிளை கண் வீங்கிப்போய் இருக்கக்கூடாது, போய்ப் படு" என்று அவளை அனுப்பிவிட்டு அவர்தான் தாய்க்குக் காவலிருந்தார். சேவல் கூவுவதற்கு முன், எதையோ சொல்லத் தொடங்கி வேண்டாமென்று விட்டவளைப்போல ஐரிஸ் மூச்சை விட்டாள். அவ்வளவுதான். அடுத்த மூச்சு வரவில்லை.

எழுத்து என்றால் விவாகப் பதிவு. தேவாலயத்தில் கலியாணம் ஆவணியில் என்றுதான் முதலில் ஒழுங்கு. மாப்பிள்ளை ஜெறோம் குருநகர்ப் பொடியன். யாழ்ப்பாணத்து ஹோட்டல் ஒன்றில் சமையல்காரன். ஸ்கொட்லாந்தில் ஓர் உணவகம் அவனை வேலை விசாவில் கூப்பிட்டது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றிருந்தது. போன கிழமை அந்த நாட்டில் சட்டம் மாறுவதாகச் செய்தி வந்தது. வருகிற திங்களுக்குள் விண்ணப்பிக்கிறவர்கள் குடும்பத்தோடு போகலாம். அதற்குப் பிறகு தனியாகத்தான் போகவேண்டும். விவாகச் சான்றிதழ் இல்லாமல் தர்ஷிகாவின் விண்ணப்பம் நகராது. திங்கள் தாண்டினால் அவன் அங்கே, அவள் இங்கே. எத்தனை வருஷம் என்று எவராலும் சொல்ல முடியாது. தேவராஜா தம் மதிப்பை விட்டு, விசா அலுவல் பார்க்கும் பையனிடம் கேட்டும் பார்த்தார். "ஒரு கிழமை தவணை கேக்க ஏலாதோ?"

அவன் சிரித்தான். "ஐயா, உது நீங்கள் வைச்சிருந்த தபால் கந்தோர் இல்லை."

ஓய்வுபெற்ற தபாலதிபர் தேவராஜா வீட்டு முறைகளில் இம்மியும் விட்டுக்கொடாதவர். துக்கம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை மங்கல காரியம் இல்லை என்பது அவருடைய தகப்பன் வைத்த கட்டு. வேதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று சொல்ல வந்த போதகரை, "எங்கடை குடும்பத்திலை இருக்கு" என்று திருப்பி அனுப்பியவர் அவர். தமக்கை இறந்து வருஷம் முடிய முன் தம்பி நதானியேல் மகனுக்குக் கலியாணம் வைத்தபோது அந்தப் பக்கமே போகவில்லை. இன்றுவரை தம்பியோடு பேச்சில்லை. அப்படிப்பட்டவருடைய வீட்டில், பிணத்தை அறையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் மோதிரம் மாற்றுவதா? அவரே மனம் வைத்தாலும் ஜெறோமின் தாய் செபஸ்தியம்மா வாசற்படி ஏறமாட்டாள். அயலில் ஒரு சாவென்றால் மகனுக்குப் புதுச் சேட்டு வாங்குவதையே தள்ளிப்போடுகிற மனுஷி அவள்.

ஆகவே ஒரே ஒரு வழிதான் இருந்தது. எழுத்து முடியும்வரை ஐரிஸ் சாகக்கூடாது.

"அப்பா, அம்மா தேத்தண்ணி குடிச்சவவே?" தர்ஷிகா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு வந்தாள்.

"இரண்டு கரண்டி. இப்பதான் கண்ணயர்ந்தவ."

"உடம்பைத் துடைச்சுவிட்டிட்டுப் போறன்."

"நான் துடைச்சனான். நீ அனுஜா வீட்டை போய் வெளிக்கிடு." அனுஜா ஐரிஸின் தமக்கை மகள், அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். "இஞ்சை நிண்டு அலுமாரியைத் திறந்து மூடினால் அவ எழும்பிடுவா."

"ஒருக்கால் பாத்திட்டு…"

அவர் வாசலை விட்டு அசையவில்லை. அவள் அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவர் மறித்து நின்ற வாசலை அவள் ஒருநாளும் தாண்டியதில்லை.

"கிழமை முழுக்க வெள்ளிக்கிழமையோ, வெள்ளிக்கிழமையோ எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவ. விடிஞ்சால் வெள்ளி எண்டு சொன்னனீங்களே?"

"சொன்னனான்."

"அதுக்கு என்ன சொன்னவ?"

"சிரிச்சவ." அது உண்மை.

தர்ஷிகா அங்கே நின்றபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா, சீலை உடுத்திட்டு வந்து காட்டுறன், என்ன?"

அவள் படலையைச் சாத்தும் சத்தம் கேட்டபிறகு அவர் உள்ளே போனார். காலை மருந்து நேரம் வந்தபோது, பட்டையிலிருந்து இரண்டு குளிசையைப் பிரித்துத் தம் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டார். மகள் வந்தால் மருந்துப் பட்டையைத்தான் முதலில் பார்ப்பாள். முகம் மழித்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். நடுநடுவே வந்து ஐரிஸின் பக்கத்தில் நின்றார். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. நாற்பது வருஷத்தில் அவளிடம் யோசனை கேட்டுச் செய்த காரியம் ஒன்றும் அவருக்கு நினைவில்லை. இப்போது கேட்க ஆசைப்பட்டார்.

குருநகரிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்தது. ஜெறோம் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு இறங்கினான். பின்னால் தகப்பன் வின்சன்ற். செபஸ்தியம்மா இரண்டு கையிலும் பெட்டிகளோடு, இறங்கும்போதே கதைத்துக்கொண்டு வந்தாள்.

"சம்மந்தி, பாத்தியளே, உங்கடை மருமோன் இரா முழுக்கக் குசினிக்குள்ளைதான். தன்ரை கலியாணத்துக்குத் தானே கேக் அடிச்ச மாப்பிளையை நான் இந்த யாழ்ப்பாணத்திலை காணேல்லை!"

"அம்மா, சத்தம் போடாதேங்கோ. மாமி நித்திரையாம்," என்றான் ஜெறோம்.

"நித்திரையெண்டால் நல்லது. நான் பக்கத்திலை இருந்து செபமாலை சொல்லிட்டு வாறன். நோயாளியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னால் அது ஒரு ஆறுதல்." பெட்டிகளை மகனிடம் தள்ளிவிட்டு அவள் அறைப்பக்கம் நடந்தாள்.

தேவராஜா குறுக்கே வந்து நின்றார். ஒரு நல்ல காரணத்தைத் தேடினார், கிடைக்கவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் எப்போதும் இருந்தது அவருடைய வீம்பு ஒன்றுதான்.

"எங்கடை வீட்டிலை உந்தப் பழக்கம் இல்லை."

"எந்தப் பழக்கம்?"

"செபமாலை சொல்லுறது. நாங்கள் வேறை சபை. மற்றது, கண்ட கண்ட ஆக்கள் படுக்கையறைக்குள்ளை போறதும் இஞ்சை வழக்கமில்லை."



"கண்ட கண்ட ஆக்களோ?" செபஸ்தியம்மா இடுப்பில் கையை வைத்தாள். "மீன்பிடிக்கிற ஆக்கள் எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோவன், சம்மந்தி. அதைத்தானே விழுங்கிறியள்?"

"செபஸ்தி, இரு," என்றார் வின்சன்ற்.

படிக்கட்டில் தர்ஷிகா அனுஜாவோடு வந்து நின்றாள். சந்தன நிறச் சீலை. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் தகப்பனைப் பார்த்த பார்வையை வேறொரு நாளில் அவர் பொறுத்திருக்கமாட்டார்.

"அம்மாவுக்குக் காட்டிட்டு வாறன்."

"கையெழுத்தை வைச்சிட்டுக் காட்டு. றெஜிஸ்ரார் ஐயா மல்லாகத்துக்குப் போகவேணும்."

வான் வருமுன்பே வந்திருந்த விவாகப் பதிவாளர் பொன்னம்பலம் விறாந்தை மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். "எனக்கு ஒரு அவசரமும்…" என்று தொடங்கியவர், தேவராஜாவின் முகத்தைக் கண்டதும், "அவசரந்தான், அவசரந்தான்" என்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தம்பி, வாசிச்சுப்போட்டு வையும். பிறகு பெஞ்சாதியோடை சண்டையெண்டால் என்னட்டை வரக்கூடாது."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெறோம் கையெழுத்து வைத்தான். தர்ஷிகா வைத்தாள். மோதிரம் அவள் விரல் மொளியில் சற்றுத் தடக்கி, பிறகு இறங்கியது. வின்சன்ற் சாட்சிக்கு வைத்த பின் பேனை தேவராஜாவிடம் வந்தது. அவர் தம் பெயரை முழுவதுமாக, தெளிவாக, தபால் கந்தோரில் வைத்ததைப் போலவே வைத்தார்.

"இப்பவாவது காட்டலாமோ?" என்று தர்ஷிகா கேட்டாள்.

"நான் போய் எழுப்பிறன்."

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துவிட்டுக் கட்டிலருகே நின்றார். விறாந்தையில் கேக் வெட்டக் கத்தி தேடினார்கள். இனி அழலாம். விடியலிலிருந்து அடக்கி வைத்தது தானாக வரும் என்று காத்து நின்றார். வரவில்லை. ஒரு மனிதன் தன் மனைவியின் சாவைக் கண்டு எப்படிச் சத்தமிடுவான் என்று யோசித்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார்.

"பிள்ளை!"

முதலில் ஓடி வந்தவள் செபஸ்தியம்மாதான். பட்ட அவமானம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"என்ரை மாதாவே! எப்ப, சம்மந்தி?"

"இப்பதான். தொட்டு எழுப்பினன்…"

"பாருங்கோ, பாருங்கோ! பிள்ளையின்ரை எழுத்துக்காகத்தான் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்திருக்கிறா! மேள் கையெழுத்து வைக்க, தாய் கண்ணை மூடிட்டா. இப்பிடி ஒரு தாய் ஆருக்குக் கிடைக்கும்!" அவள் நெஞ்சிலடித்து அழுதாள். அனுஜாவும் சேர்ந்து அழுதாள். வாசலில் பொன்னம்பலம் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றார். செபஸ்தியம்மா சொன்ன கதைதான் இனித் தெல்லிப்பழையிலும் குருநகரிலும் நிற்கும். தேவராஜா அதை மறுக்கவில்லை.

தர்ஷிகா கட்டிலடியில் முழங்காலில் விழுந்தாள். போர்வைக்குள் கைவிட்டு, தாயின் கையைத் தன் கன்னத்தில் வைக்க இழுத்தாள். கை வரவில்லை. விறைத்து, மடித்த மடிப்பிலேயே நின்றது. விரல்களை விரிக்கப் பார்த்தாள். அவையும் இடங்கொடுக்கவில்லை. மாதக்கணக்காக அந்த உடம்பைப் புரட்டி, கழுவி, உடுத்திவிட்டவள் அவள்.

அவளுடைய அழுகை நின்றது. திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்று யன்னல் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"எங்கை பிள்ளை, அந்தக் கையைத் தா. நானும் ஒருக்கால் பிடிக்கிறன்," என்று செபஸ்தியம்மா குனிந்தாள்.

தர்ஷிகா கையைப் போர்வைக்குள்ளேயே விட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து, அதன் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகினாள். பிறகு எழுந்து, சீலைக் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் பக்கவாட்டாகப் புகுந்து, மற்றப் பக்கத்தையும் செருகினாள்.