ஒற்றைக்கால் கோழி

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "வாங்க மாஸ், உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றதும் நான் பைக்கை ஓரங்கட்டி ஸ்டாண்டு போட்டேன். பின்னால் கட்டியிருந்த ரப்பர் உருளைகள் ஒருமுறை ஆடி நின்றன. அம்மாளின் கையில் இருந்த துடைப்பமும் நின்றது. அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. வெயில் கண்ணைக் கூசுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா, சரியான பசி" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன்.

நான் ஜாவாவுக்கு வந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நெல் அரைக்கும் ஆலைகளுக்கு உமி நீக்கும் உருளை தேய்ந்துபோனால் மாற்றிக் கொடுக்கும் வேலை. சோலோ நகரத்தில் ஒரு அறை, பகல் முழுக்கக் கிராமத்துச் சாலை, ராத்திரி தள்ளுவண்டிக் கடையில் தனியாக ஒரு தட்டுச் சோறு. நான் பிறந்த பாலிகே, சுமத்ராவில் தோபா ஏரிக்கரையில் இருக்கிறது. எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் உப்புக் கேட்பது மூன்றாவது தெருவில் கேட்கும். சண்டையும் அப்படித்தான், பாசமும் அப்படித்தான். இங்கே எல்லாரும் பூனை நடப்பதுபோலப் பேசினார்கள், சிரித்தார்கள், போனார்கள். தீகோர் என்ற என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டுப் பத்து நாளாகியிருந்தது; எல்லாருக்கும் நான் வெறும் 'மாஸ்', இந்த ஊர்ப் பேச்சில் அண்ணன். மாதம் முடிந்ததும் மேலாளரிடம் சொல்லிச் சுமத்ராவில் எங்கள் பக்கத்து நகரமான மேடானுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று தீர்மானித்திருந்தேன். அந்த நிலைமையில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் யார் போகாமல் இருப்பார்கள்?

உள்ளே அவர் கணவர் துக்கிரான், கழுத்துவரை பொத்தான் போட்ட புது பாத்திக் சட்டையும் கறுப்புத் தொப்பியுமாக நின்றிருந்தார். கூடத்தில் பாய் விரித்திருந்தது. சுவரோரமாக மூடி போட்ட கண்ணாடித் தம்ளர்கள் வரிசை பிசகாமல் நின்றன. வீட்டில் இருக்கும்போதுகூட இந்த மனுஷர்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கிறார்கள் என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். துக்கிரான் மனைவியைப் பார்த்தார். மனைவி வாகினி கணவரைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"உக்காருங்க மாஸ். கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றார் துக்கிரான்.

நான் கூச்சப்படவில்லை. சோறு வந்தது, தேங்காய்ப்பாலில் வெந்த பலாக்காய் வந்தது, சற்றுத் தாமதமாக ஒரு முழுக் கோழிக்காலும் வந்தது. இஞ்சியும் கொத்தமல்லி விதையும் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தன. வீட்டுச் சமையலை வாயில் வைத்து இரண்டு வாரமாகியிருந்தது. நிமிராமல் வேகமாகச் சாப்பிட்டேன்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

"அதுக்கென்ன, தாராளமா" என்றார் துக்கிரான், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். "வேண்டாம் மாஸ், வேண்டாம்" என்று வாகினி பின்னாலேயே வந்தார். அதற்குள் நான் சமையலறைத் திரையை விலக்கிவிட்டேன். உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கத்தரிப்பூ நிறத்தில் நல்ல உடுப்பு உடுத்தி, தலைச்சீலையைப் பின்னால் முடிந்துகொண்டு, ஒரு பெரிய தாம்பாளத்தின் முன் குனிந்திருந்தாள். தாம்பாளத்தில் ஒரு முழுக்கோழி கழுத்தை உள்வாங்கிக்கொண்டு கும்பிடுவதுபோல உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கத்து மக்கள் சுபகாரியத்துக்கு மட்டும்தான் கோழியை வெட்டாமல், பிய்க்காமல் அப்படி முழுசாக வேகவைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். அதற்கு ஒரு கால் இல்லை. கால் இல்லாத பக்கத்தில் அவள் வெள்ளரி வில்லைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிற்றுக்குள் இருந்த கால் உதைத்தது.

"நீங்க சுமத்ராவா?" என்றாள் நிமிராமல்.

"ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ரெண்டாந்தடவ சோறு கேட்டப்பவே." இப்போது நிமிர்ந்தாள். அழுதிருக்கிறாளா, சிரிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. "நான் பாத்தாம் தீவுல ஆறு வருஷம் கம்பெனி வேல பாத்தவ. உங்க ஊர்ப் பொண்ணுங்ககூடத்தான் ஒரே ரூம்ல இருந்தேன். இங்க பாருங்க மாஸ், வாசல்ல போற யாரா இருந்தாலும் வாங்கன்னு கூப்பிடணும். கூப்பிட்டா, 'இன்னொரு நாள் வர்றேம்மா'ன்னு சொல்லிட்டுப் போயிடணும். எங்கம்மாவுக்குக் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கூப்பிட்டுட்டு இருக்காங்க. உள்ள வந்த மொத ஆளு நீங்கதான்."

"வரக் கூடாதுன்னா எதுக்குக் கூப்பிடணும்?"

"அது எனக்கும் புரியல."

வாகினி வாயைப் பொத்திக்கொண்டு, "பிரிஹாதின், விருந்தாளிகிட்ட இப்படியா பேசுறது" என்று மகளை அடக்கினார். பிறகு என்னிடம், "அவ கெடக்குறா, நீங்க ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்றார். அவருடைய விருந்துக் கோழியைத் தின்றவன் நான். நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று எனக்கு அவர் சமாதானம் சொல்கிறார்.

விஷயத்தைப் பிரிஹாதின்தான் சொன்னாள். இன்றைக்கு அவளைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையன் வியோனோ, அடுத்த ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மூன்று வருஷமாகப் பழக்கம். போன வருஷமே அவனும் அவனைச் சேர்ந்தவர்களும் ஒருமுறை வந்தார்கள்.

"வந்து மழையப் பத்திப் பேசுனாங்க. எங்கப்பா அடக்கமா, 'எங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, சமைக்கக்கூட வராது'ன்னாரு. பொண்ணு குடுக்க இஷ்டம் இல்ல போலன்னு அவங்க எழுந்துட்டாங்க. அவங்க கேக்கவே இல்லையேன்னு இவங்க உக்காந்துட்டாங்க. ஒரு வருஷம் ஓடிப்போச்சு."

"அந்தப் பையன் உங்ககிட்டயாவது நேராக் கேட்டுட்டுப் போகலாமில்ல?"

"அவரும் இந்த ஊர்க்காரருதானே" என்று பெருமூச்சு விட்டாள். "இந்தத் தடவயும் மழையோட நின்னுதுன்னா, அவங்க அத்த வேற எடத்துல பாத்து வெச்சிருக்காங்களாம். எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது மாஸ்."

சந்தைக்குப் போய் வேறு கோழி வாங்கிவருகிறேன் என்றேன். "வாங்கி எப்ப வேகவைக்கிறது? அதோ, வேன் சத்தம்" என்றாள் அவள். பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன் என்றேன். அதுவும் கூடாதாம். வீட்டு வாசலில் வண்டி நிற்கிறது, ஆள் ஒளிந்து ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "ஓரமா உக்காருங்க. வாய மட்டும் தொறக்காதீங்க, புண்ணியமாப் போகும்" என்று கைகூப்பினாள்.

பெற்றோர் இல்லாத வியோனோவை வளர்த்த பெரியப்பா சஸ்த்ரோவும், அத்தை சமியெம்மும் அவனோடு வந்தார்கள். பெரியப்பா ஒல்லியாக, நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தை பெரிய உருவம், எதையும் விட்டுவைக்காத கண்கள். வியோனோ பாயின் பின்னலை எண்ணுவதுபோலத் தலையைக் குனிந்திருந்தான். "இவரு யாரு?" என்பதுபோல அத்தை என்னைப் பார்த்தார். "நம்ம வீட்டுக்கு வந்தவரு" என்றார் துக்கிரான். பொய் இல்லை.

மழையில் ஆரம்பித்தார்கள். இந்த வருஷம் மழை முன்கூட்டியே வந்துவிட்டதாம். ஆனால் போதாதாம். நெல் பால் பிடிக்கிறதாம், எலித் தொல்லையாம், பாலத்துப் பக்கம் சாலை போட்டிருக்கிறார்களாம். நெல்லைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஆயிரம் விஷயம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேச்சு கோயில் தேர்போல அசைந்து அசைந்து எல்லாத் தெருவுக்கும் போயிற்றே தவிர நிலைக்கு வரவில்லை.

தாம்பாளம் வந்தது. வெள்ளரிப் பக்கத்தைச் சுவருக்குத் திருப்பித்தான் வாகினி வைத்தார். ஆனால் அத்தை உட்கார்ந்திருந்ததே சுவரோரம்தான். "கோழி நல்ல இளசா இருக்கே" என்றார். பிறகு ஒரு வெள்ளரி வில்லையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது அந்த இடம் வெறிச்சென்று தெரிந்தது. பெரியப்பாவும் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முழுசாக வைக்க வேண்டியதை மூளியாக வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் கொடுக்க மனசில்லை. துக்கிரானின் நெற்றி வேர்த்தது. அந்த நெருக்கடியில் அவர் வாயிலிருந்து, "எங்க பொண்ணுக்கு… ஒண்ணும் பெருசா… தெரியாது" என்று அதே அடக்கம் வந்து விழுந்தது.

பெரியப்பா தம்ளரின் மூடியை எடுத்து மெதுவாக மூடினார். "வானம் இருட்டிட்டு வருது" என்றார், கிளம்பப் போகிறவர்போல.

சமையலறைத் திரைக்குக் கீழே பிரிஹாதினின் பாதங்கள் தெரிந்தன. விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்திருந்தன. வாயைத் திறக்காதே என்று சொன்னவள் அவள்தான். ஆனால் அவள் வாழ்க்கையைத் தின்று ஏப்பம் விட்டவன் என்ற பெயரோடு என்னால் மேடானுக்குக் கப்பல் ஏற முடியாது.

"அந்தக் கோழிக்கால நான்தான் தின்னேன்" என்றேன்.

என் குரல் பாலிகேக் குரல். தம்ளர் மூடிகள் அதிர்ந்த மாதிரி இருந்தது.

"இந்த அம்மா வாசல்ல நின்னு சாப்பிட வாங்கன்னாங்க. நான் வந்துட்டேன். எனக்கு இந்த ஊர் வழக்கம் தெரியாது. உங்களுக்குன்னு வெச்ச கோழிலேருந்து பிச்சு, பேர்கூடத் தெரியாத எனக்குப் போட்டாங்க. முகம் சுளிக்கல. ரெண்டாந்தடவயும் சோறு போட்டாங்க. அவங்க மேல கோவப்படாதீங்க, என் மேல கோவப்படுங்க." இதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர்க்காரனுக்கு நிறுத்தத் தெரியாது. "ஆமா பெரியவரே, நீங்க பொண்ணு கேக்க வந்தீங்களா, மழையப் பத்திப் பேச வந்தீங்களா?"

வாகினி கண்ணை மூடிக்கொண்டார். பெரியப்பாவின் கை மூடியின் மேலேயே நின்றது. வெளியே ஒரு சேவல் கூவியது, அதுவும் பாதியில் நிறுத்திக்கொண்டது.

திரை விலகியது. பிரிஹாதின் வந்தாள். அவள் கையில் தேநீர்த் தட்டு இல்லை, ஒன்றுமே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மாஸ் வியோனோ, பெரியவங்க யாரும் கேக்க வேணாம். நானே கேக்குறேன். என்னக் கட்டிக்கிறீங்களா?"

வியோனோ அன்றைக்கு முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

"அதுக்குத்தானே வந்தேன்" என்றான். பிறகு, குரல் உடைந்து, "போன தடவயும் அதுக்குத்தான் வந்தேன்" என்றான்.

முதலில் சிரித்தது அத்தைதான். தோள் குலுங்கி, பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார். துக்கிரான் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் துடைத்தது வேர்வை மட்டும் இல்லை. வாகினி தாழ்ந்த குரலில், "எங்களுக்குச் சம்மதம், ரொம்பச் சம்மதம், போன வருஷமே சம்மதம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார், யாரும் கேட்காமலேயே. பெரியப்பா மூடியைத் திறந்து, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"டேய் கோழித் திருடா" என்றார் அத்தை என்னைப் பார்த்து. "ஒத்தக் கால்ல நிக்குது பாரு, பாவம். இதையும் நீயே தின்னு தீத்துடு." மற்ற காலையும் முறித்து என் பக்கம் நீட்டினார்.

இரண்டு வாரமாக என்னை எல்லாரும் ஐயா என்றும் மாஸ் என்றும் தூரத்தில் வைத்து மரியாதை செய்தார்கள். இப்போது ஒருத்தர் டேய் என்கிறார், திருடன் என்கிறார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த வீட்டுக்கு நான் பட்ட நன்றிக்கடன் அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது பன்னிரண்டு வருஷம் ஆகிறது, நான் மாற்றல் கேட்கவே இல்லை. ஆனால் அந்தச் சாயங்காலம் அதெல்லாம் எனக்குத் தெரியாது. வயிற்றில் இடமில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

கிளம்பும்போது வாகினி அந்தக் காலைத் தேக்கிலையில் பொட்டலம் கட்டி, வண்டியின் கைப்பிடியில் தொங்கவிட்டார். "மறுபடி வாங்க மாஸ்" என்றார்.

சாவியைத் திருப்பப் போன நான் நிறுத்தினேன். "அம்மா, இது நெஜமாக் கூப்பிடுறதா, சும்மாவா?"

பாவம், அவர் வாழ்நாளில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். வாசலில் கிடந்த துடைப்பத்தை எடுத்து ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு கெட்ட வார்த்தை சொல்லப்போகிறவர்போல என் பக்கம் குனிந்து, "வியாழக்கெழம. டெம்பே பொரிச்சு வெக்கிறேன். நேரத்தோட வந்துடு" என்றார்.

வண்டியை எடுத்தேன். பெரியப்பா சொன்ன மழை வரவே இல்லை. வயல்களின் மேல் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடந்தது. பொட்டலம் இளஞ்சூட்டோடு முழங்காலில் தட்டித் தட்டி வந்தது. ஊர் முடியும் இடத்தில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து கடலைக்கொடியிலிருந்து கடலை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நிறைய மண்ணோடு நிமிர்ந்து, "வாங்க மாஸ், உள்ள வந்துட்டுப் போங்க" என்றார்.

எனக்கு இப்போது பதில் தெரியும். வாய் அதைச் சொல்லத் திறந்தது. கால் மட்டும் தன்பாட்டில் பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.