வெளிச்சம் படாத படம்

“போனை மட்டும் எடுத்தே, அவ்வளவுதான்,” என்றான் தம்பி, கேமரா நின்ற முக்காலியின் திருகை இறுக்கியபடி.

“போன மாசம் தெரியாம எடுத்துட்டேன். அதையே எத்தனை தடவைடா சொல்லுவே?”

“பேரே வெச்சாச்சே, அக்கா வால்நட்சத்திரம்னு!”

போன மாதம் அவள் போனைத் தொட்ட நொடியில் படத்தின் குறுக்கே வெள்ளையாக ஓர் இழுப்பு விழுந்துவிட்டது. தன்னோடு லிஃப்ட் பழுதுபார்க்கிற எல்லோருக்கும் அதை அனுப்பிச் சிரித்திருந்தான்.

மொட்டை மாடியில் இருட்டு கெட்டிப்பட்டிருந்தது. கேமரா அரை மணி நேரம் கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அதற்குள் நட்சத்திரங்கள் நகர்ந்து கோடு கோடாகப் பதியும். தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் போச்சு. பொத்தானை அழுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை இவனிடம் பேச்சு வாங்குவதில்லை என்று அக்கா கையைக் கட்டிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் தரையில் ஏதோ தேய்ந்தது. தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சத்தம்.

“என்னடா?”

பதில் இல்லை.

“வாய்க்கும் பூட்டா? சரி சரி.”

போன் மடியில்தான் இருந்தது. விரல் அதன்மேல் போய்த் திரும்பி வந்தது.

கேமரா மூடிக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான் வெளிச்சம் போட்டாள். தம்பி தொட்டியோரம் சரிந்து கிடந்தான்.

“கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்,” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். அப்போது பக்கத்தில் அவள் மட்டுமே இருந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, தம்பியோடு வேலை பார்த்தவர் கேமராவை எடுத்து வந்து அவளிடம் நீட்டினார். “அவன் எடுத்ததுலயே இதாங்க நல்லா வந்திருக்கு. ஒரு பிசிறு இல்ல.”

வானம் முழுக்க வளைகோடுகள். அந்தச் சத்தம் எந்த இடத்தில் கேட்டிருக்கும் என்று அவள் ஒவ்வொரு கோடாகத் தேடினாள். ஒன்றுகூட அறுபடவில்லை.

உள்ளே அம்மா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் இமை மூடாதவள்.

“உன்னைக் கூப்பிட்டானாடி?”

அவள் கேமராவை ஓரமாக வைத்தாள்.

“சத்தம் கித்தம் ஏதாவது... மறைக்காம சொல்லு.”

“இல்லம்மா. ஒண்ணும் கேக்கல.”

“அப்ப கஷ்டப்படாமத்தான் போயிருக்கான்.” அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீயாவது பக்கத்துல இருந்தியே. அது போதும் எனக்கு.”

அப்படியே மகளின் மடியில் தலை சாய்த்தாள். மெல்ல மெல்ல மூச்சு சீராகி, தூங்கியும்விட்டாள்.

முழங்காலுக்குக் கீழே கால் மரத்துக்கொண்டு வந்தது. அவள் அசைக்கவில்லை.