பச்சைக் கோட்டுக்கு ஒரு மாதம்

"ஹேண்ட் க்ளவுஸா? கால்ல போடுற க்ளவுஸ் ஒண்ணு தனியா இருக்குதா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் பரசுராமன் தானே சிரித்துக்கொண்டார்.

அவர் சென்னையிலிருந்து வந்தவர். கம்பெனிகளின் வெப்சைட்டை கூகுளில் மேலே கொண்டு வருவது அவர் தொழில். நான் பாலிடெக்னிக்கை இரண்டாவது வருடத்தில் விட்டவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில்லில் நான்கு வருடமாக நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க வேண்டிய நேரத்தில் பஜாரில் அசன் முகைதீன் பாய் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பாய் தொழிற்சாலைகளுக்குக் க்ளவுஸ், ஷூ, ஹெல்மெட் விற்பவர். அவர் கடை வெப்சைட்டை நான்தான் செய்திருந்தேன். அது ஓடினால் என்னைப் பகல் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மில்லை விட்டு வெளியே வர என்னிடம் இருந்த வழி அது ஒன்றுதான்.

2007 ஜூலை. வெப்சைட் போட்டு ஐந்து மாதமாகியும் ஒரு போன்கூட வரவில்லை. அதனால்தான் பாய் பரசுராமனைக் கூப்பிட்டிருந்தார்.

பரசுராமன் தன் லேப்டாப்பில் ஒரு கருவியைக் காட்டினார். வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டரில் என்ன வார்த்தை அடித்துத் தேடுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்று அது சொல்லும். அந்த வார்த்தைகளை நம் பக்கத்தில் எழுதினால் தேடுகிறவர் கண்ணில் படுவோம். வருடச் சந்தா கட்டி வாங்கும் கருவி. 'வொர்க் க்ளவுஸ்' என்று அடித்தார். 212 என்று வந்தது.

"ஒரு நாளைக்கு இருநூத்திப் பன்னெண்டு பேரு பாய்."

பாயின் முகம் மலர்ந்தது. வியாபாரிக்கு எண் பிடிக்கும்.

நான் வைத்திருந்தது கூகுளின் இலவசக் கருவி. அதில் எண் கிடையாது. ஒரு வார்த்தைக்கு எதிரே ஒரு பச்சைக் கோடு நீளும், அவ்வளவுதான். ஆனால் எந்த நாட்டில் தேடுகிறார்கள் என்று பிரித்துக் கேட்கலாம். நான் இந்தியா என்று வைத்து 'ஹேண்ட் க்ளவுஸ்' அடித்தேன். கோடு பெட்டி முழுக்க நிரம்பியது. 'வொர்க் க்ளவுஸ்' அடித்தேன். கால்வாசிகூட இல்லை. அப்போதுதான் பரசுராமன் சிரித்தார்.

"க்ளவுஸ்னாலே கைக்குத்தான். அந்த மாதிரித் தப்பு இங்கிலீஷ் போட்டா வர்ற கஸ்டமரும் ஓடிடுவான். டிப்ளமோ முடிச்சிருக்கியா?"

"இல்ல சார். பாதில நின்னுட்டேன்."

"அதான பாத்தேன்."

"உங்க இங்கிலீஷ் சரிதான் சார். க்ளவுஸ் வாங்குறவன் உங்ககிட்ட பரீட்சை எழுத வரல."

பில் போட்டுக்கொண்டிருந்த ஜபீன் நிமிர்ந்து பார்த்தாள். பாயின் மகள். பி.காம். முடித்துவிட்டுக் கடைக் கணக்கைப் பார்ப்பவள்.

சட்டைப் பையிலிருந்து மில் ஸ்டோர் சீட்டை எடுத்து மேஜையில் போட்டேன். முந்தின இரவு வாங்கியது. ஸ்டோர்காரர் கையெழுத்தில் 'ஹேண்ட் க்ளவுஸ் 1 ஜோடி' என்று இருந்தது.

"மில்லுல நாங்க வாயால கேக்குறத ஸ்டோர்ல சீட்டா எழுதுறாங்க. சீட்டுல இருக்கிறத பர்ச்சேஸ் கிளார்க் அப்படியே கம்ப்யூட்டர்ல அடிக்கிறாரு. நடுவுல யாரும் இலக்கணம் பாக்கறதில்ல. நான் நாலு வருசமா கேட்டுக்கினு இருக்கிற வார்த்தை பாய் இது."

"சீட்டெல்லாம் டேட்டா இல்ல தம்பி," என்றார் பரசுராமன்.

பாய் தாடியைத் தடவினார். "அன்பு, நீ சொல்றது இருக்கட்டும். நம்பரே இல்லாத தராசுல நான் எப்பிடிடா எடை பாக்குறது?"

அவர் மேஜைமேல் ஒரு இரண்டு கிலோ எடைக்கல் இருந்தது. பழவேற்காட்டில் இறால் வாங்கி விற்ற காலத்தில் அந்தக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டே அலைவாராம். அடுத்தவன் தராசில் சரக்கு ஏற்றுவதற்கு முன் தன் கல்லை வைத்துப் பார்ப்பார். அது இரண்டு என்று காட்டினால்தான் பேச்சு. இப்போது அந்தக் கல் பில் பறக்காமல் இருக்க உதவியது.

நான் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தெரிஞ்ச எடைய வெச்சுப் பாருங்க பாய். போன வருசம் நம்ம கடையில அதிகமா போனது இன்னா?"

ஜபீன் கணக்கைத் திறக்காமலே சொன்னாள். "ஹேண்ட் க்ளவுஸ். அப்புறம் ஷூ. வாப்பா, பில்லுல நாமளே ஹேண்ட் க்ளவுஸ்னுதான் போடுறோம்."

"அத சாரோட மிஷின்ல அடிங்க."

பரசுராமன் வேண்டாவெறுப்பாக அடித்தார். 3 என்று வந்தது. கீழே க்ளவுஸ் சம்பந்தமான மற்ற வார்த்தைகள் வரிசையாக விழுந்தன. முதலில் இருந்தது 'ஸ்கீ க்ளவுஸ்', 340.

"அது இன்னாது?" என்றார் பாய்.

"பனியில சறுக்கி விளையாடுறாங்களே வாப்பா, அதுக்குப் போடுறது," என்றாள் ஜபீன். "கும்மிடிப்பூண்டில எந்தக் கம்பெனில பனி பெய்யுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. சரக்கு எறக்கிடலாம்."

பரசுராமனுக்குக் காது சிவந்தது. "இது உலக லெவல் டேட்டா. நாளைக்கு நீங்க எக்ஸ்போர்ட் பண்ணணும்னா இதான் வேணும். இலவசமா குடுக்கறத நம்பித் தொழில் பண்ண முடியுமா பாய்? கோடு ஒரு அளவா?"

பாய் கல்லையும் பார்த்தார், கோட்டையும் பார்த்தார். அந்த எண்களைக் கைவிட அவருக்கு மனசு வரவில்லை. கடைசியில் வியாபாரியாகவே தீர்ப்புச் சொன்னார். முகப்புப் பக்கம் பரசுராமன் சொல்கிற வார்த்தையில். எனக்குத் தனியாக ஒரே ஒரு பக்கம். ஒரு மாதம். யாரிடமிருந்து போன் வருகிறது என்று பார்ப்போம்.

"உன் பக்கத்துல இருந்து முன்னப்பின்ன தெரியாத பார்ட்டி ஒருத்தன் பேசணும் அன்பு. ஒருத்தன் போதும். இல்லன்னா நீ மில்லையே பாத்துக்கோ. இங்க வந்து தூக்கத்தக் கெடுத்துக்காத."

"சரி பாய். வரலன்னா நானே வரமாட்டேன்."

எந்தப் பக்கத்திலிருந்து போன் வருகிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு வழி சொன்னது ஜபீன். தன் பழைய செல்போனில் புது சிம் போட்டு மேஜைமேல் வைத்தாள். அந்த நம்பர் என் பக்கத்தில் மட்டும். வேறு யாருக்கும் அது தெரியாது.

நான் பக்கத்தை எழுதினேன். தலைப்பிலேயே ஹேண்ட் க்ளவுஸ். உள்ளே புள்ளி வைத்தது, லெதர், சூடு தாங்குவது என்று மில்லில் எப்படிக் கேட்போமோ அப்படியே. ஒவ்வொன்றும் எத்தனை ஷிஃப்ட் தாங்கும் என்பதையும் எழுதினேன். அது எந்தக் கருவியிலும் கிடைக்காது. என் உள்ளங்கையில் இருந்தது.

இருபத்தாறு நாள் அந்த செல்போன் பிணம் மாதிரி கிடந்தது. முகப்புப் பக்கத்து நம்பரும் அடிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. இரண்டு பேரும் தோற்றால் பரசுராமன் சென்னைக்குப் போவார், நான் மில் உலைக்குப் போவேன். இரண்டும் ஒன்றல்ல.

இருபத்தேழாம் நாள் காலை பதினொரு மணி. மேஜையில் தலை கவிழ்ந்து தூங்கிவிட்டிருந்தேன். போன் அடித்து நான் எழுவதற்குள் பாயே எடுத்துவிட்டார். சத்தம் வெளியே கேட்டது.

"ஹலோ, ஹேண்ட் க்ளவுஸ் விக்கிறது நீங்கதானா? ராணிப்பேட்டைல இருந்து யேசுதாஸ் பேசறேன், பர்ச்சேஸ்."

புது ஆள் யார் பேசினாலும் பாய் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "நம்ம கடைய யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல பாய். நெட்ல அடிச்சேன், வந்துது."

"இன்னான்னு அடிச்சீங்க?"

"இன்னான்னு அடிப்பாங்க? ஹேண்ட் க்ளவுஸ்னுதான். நாப்பது ஜோடி வேணும். சூடு தாங்கறது. எத்தினி ஷிஃப்ட் வரும்னு போட்டுக்கீறீங்களே, நெசமா?"

பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"நெசந்தான். போட்டுப் பாத்தவனே எழுதினது," என்றார் பாய்.

சாயங்காலம் பாய் பரசுராமனிடம் போனில் சொன்னபோது, "வெறும் நாப்பது ஜோடியா?" என்று கேட்டாராம். "ஒருத்தன் போதும்னு நான்தான் சொன்னேன் சார். எத்தினி ஜோடின்னு சொல்லல," என்று பாய் பதில் சொன்னதாக ஜபீன் சொன்னாள். இரண்டு நாள் கழித்து முகப்புப் பக்கத்தின் தலைப்பைப் பரசுராமன் சத்தமில்லாமல் 'ஹேண்ட் க்ளவுஸ்' என்று மாற்றியிருந்தார்.

பாய் என்னைப் பகல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்கு மறுநாள் காலை மில் கேட்டில், உள்ளே விடும் என் டோக்கனை, எங்களை வேலைக்கு எடுத்த காண்டிராக்டர் ஆதிகேசவனிடம் திருப்பி நீட்டினேன்.

"இன்னா நைனா, கம்ப்யூட்டர் கம்பெனில கூப்ட்டாங்களா?"

"க்ளவுஸ் கடை."

"க்ளவுஸ் கடையா!" பக்கத்தில் நின்ற செக்யூரிட்டிக்கும் கேட்கிற மாதிரிச் சிரித்தார். "டோக்கன நீயே வெச்சுக்கோ. ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்ப."

டோக்கனை அவர் மேஜைமேல் வைத்தேன்.

"இத வேற ஆளுக்குக் குடுங்க. அவனுக்கு மாசம் ஒரு ஜோடிக்குப் பதிலா ரெண்டு ஜோடி க்ளவுஸ் குடுங்க. ஒண்ணு பதினெட்டு ஷிஃப்ட்டுக்கு மேல தாங்காது. வெப்சைட்ல எழுதியே வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க."

ஒன்பது மணிக்குக் கடை திறக்க வேண்டும். நடந்தே போனேன்.