பதினேழாவது லெமன் ஜூஸ்

எங்கள் கல்லூரி எழுத்து மையத்தில் நான்கு பேர் வேலை செய்வதாகக் கதவில் பலகை மாட்டியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் முனைவர் கலையரசன். அவருக்குக் கீழே மூன்று ஆலோசகர்கள். ஒருவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒருவர் பிரசவ விடுப்பில் இருந்தார். மூன்றாவது பெயருக்கு இடம் மட்டும் விட்டிருந்தார்கள். கலையரசன் சாருக்குத் தேர்வுப் பிரிவும் கல்லூரி வேனும் கூடுதல் பொறுப்பு. அதனால் அறையைப் பெருக்குகிற என்னிடம் சாவி இருந்தது.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். அதில் 'பெற்ற உதவி' என்று ஒரு கட்டம் உண்டு. பிள்ளைகள் நேர்மையாக நிரப்புவார்கள். 'ஃபேன்' என்று எழுதுவார்கள். 'சார்ஜர்' என்று எழுதுவார்கள். சுரேஷ்குமார் ஒருநாள் 'தூக்கம்' என்று எழுதினான். மாதக் கடைசியில் கலையரசன் சார் வருவார். "எல்லாத்தையும் கட்டுரைப் பயிற்சினு மாத்திடும்மா. உனக்குக் கையெழுத்து நல்லா இருக்குது" என்பார். மாற்றுவேன்.

கார்த்திகை தீபம் முடிந்த அடுத்த வாரம் இனியா வந்தாள். இரண்டாம் ஆண்டு வணிகவியல், அடி அண்ணாமலைப் பெண்.

"அக்கா, ஹால் டிக்கெட் லிஸ்ட்ல என் பேரு இல்ல. அட்டெண்டன்ஸ் கம்மியாம். காரணம் எழுதிக் குடுத்தா பிரின்சிபால் மேடம் கையெழுத்துப் போடுவாங்களாம். வெள்ளிக்கெழமதான் கடைசி. காய்ச்சல்னு எழுதிடவா? எல்லாரும் அதான் எழுதறாங்க."

"நெசமா இன்னா ஆச்சோ அத எழுதேன்" என்றேன். யார் கேட்டார்கள் என்னை?

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பௌர்ணமிக்கு முதல் நாள் மூட்டை எலுமிச்சையைக் கழுவுவது. பௌர்ணமி இரவு முழுக்க, கிரிவலம் போகிறவர்களுக்கு இருநூறு பழமாவது பிழிந்து ஜூஸ் விற்பது. நகக்கண் எரிவது. மறுநாள் டம்ளர் பொறுக்குவது. அவள் அம்மா பாஞ்சாலைக்கு வலது கை வராது. 'நான் கல்லூரிக்கு வந்தால் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் கல்லூரி இல்லை' என்று அவளே முடித்தாள்.

முதல்வர் அருணாதேவி மேடம் கடிதத்தை இரண்டு தடவை படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். கையெழுத்துப் போட மட்டும் மறந்துவிட்டார். வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, எழுத்து மையத்தின் வெற்றிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று லேமினேட் செய்யச் சொன்னார். பிள்ளை கூச்சப்படும் என்று பெயரின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். மேலே 'மாதிரிக் கடிதம்' என்று தலைப்புப் போட்டு, கலையரசன் சாரே எங்கள் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

மறுநாள் அறையில் நிற்க இடமில்லை. அட்டெண்டன்ஸ் கம்மியான அத்தனை பேரும் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். சுரேஷ்குமாரின் அப்பா ரமணாசிரமம் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறார். அவனும் நகக்கண் எரிகிறது என்று எழுதிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எதுக்குடா இது?"

"மாதிரினு போட்டிருக்குதேக்கா. மாதிரின்னா பாத்துதான எழுதணும்?"

"கொஞ்சமாவது மாத்தி எழுதுடா."

"மாத்திட்டேன்க்கா. இருநூறு பழத்த முந்நூறாக்கிட்டேன்."

வியாழக்கிழமை குழு வந்தது. இத்தனை பிள்ளைகள் எழுதுகிற அறையை எந்தக் கல்லூரியிலும் பார்த்ததில்லை என்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இனியாவோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். பட்டியலில் அவள் பெயர் இன்னும் வரவில்லை.

"லெட்டர் எங்கம்மா?" என்றார் எழுத்தர் தசரதன்.

"சுவத்துல மாட்டியிருக்குதுங்க சார்."

"சுவத்துக்கு எப்படிம்மா சீல் வைக்கறது? வேற எழுதினு வா."

இனியா அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அதையே திரும்ப எழுதிக் கொடுத்தாள். அவர் முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டு ஓரத்திலிருந்த கட்டின்மேல் போட்டார்.

"இது பதினேழாவது லெமன் ஜூஸ். ஊர்ல ஒரு அம்மாவுக்கும் கை வராது போல. காப்பியடிச்சது எல்லாத்தையும் தள்ளிடச் சொல்லிட்டாங்க மேடம்."

"அது என்னுதுங்க சார்."

"பதினாறு பேரும் அதான் சொன்னாங்க."

"சார், நெசமாவே இந்தப் பொண்ணுதுதான்" என்றேன்.

"நீ கதவு தொறக்கற பொண்ணுதான? போய்த் தொற."

மேடத்திடமே சொல்லலாம் என்றால், அவர் குழுவைக் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தார். மூன்று மணிக்கு வந்து, மேசையில் இருப்பதில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாராம்.

அறைக்குத் திரும்பினோம். இனியா அழவில்லை. சுவரில் இருந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

"கடும் காய்ச்சல் இருந்தபடியால்னு ஆரம்பி."

"எந்தத் தேதிக்கா போடறது?"

"வராத தேதி எல்லாத்தையும் போடு."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமியா காய்ச்சல் வரும்?"

"எழுதுடி."

மூன்று வரி. தசரதன் படிக்கவே இல்லை. சீல் வைத்து உள்ளே அனுப்பினார். மூன்றரைக்கு அது கையெழுத்தோடு வந்தது. நாலு மணிக்கு ஹால் டிக்கெட்.

போகும்போது இனியா பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள். பெற்ற உதவி என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினாள்.

மாதக் கடைசியில் அந்த மாதத்து ஃபேன், சார்ஜர், லெமன் ஜூஸ் எல்லாவற்றையும் கட்டுரைப் பயிற்சி என்று மாற்றினேன். அந்தக் காய்ச்சலை மட்டும் மாற்றவில்லை. கலையரசன் சார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.