மூன்றாம் ஓலை

ஜெனிபர் தியரி சொல்ல ஆரம்பித்தால் தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும். கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. பகலெல்லாம் அடுத்தவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் ‘மலைப்பங்களா’ தொடருக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பாள். கல்வராயன் மலையில் எடுத்த தொடர் அது. மலைப் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் காணாமல் போகிறாள். அதற்கு முன் அவளுக்கு என்ன நடந்தது என்று தொடரில் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அதனால் பார்க்கிறவர்கள் எல்லாரும் வாய் திறந்தார்கள்.

பகலவனுக்கு நைனார்பாளையம். அப்பாவின் மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்ட நேரம் போக, அந்தத் தொடருக்கென்றே யூடியூபில் ஒரு சேனல் நடத்தினான். கமெண்ட் போட்டுப் பழக்கமானவள்தான் ஜெனிபர். அவள் கண்டுபிடிப்பாள், அவன் பேசுவான். உர விலையைச் சொன்னால்கூடக் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு குரல்.

ஓர் எபிசோடில் இன்ஸ்பெக்டர் டீ குடிக்கிறார். தூரத்தில் ஒரு ஸ்பீக்கர் எதையோ முணுமுணுக்கிறது. வெறும் இரைச்சல் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். ஜெனிபர் ஹெட்செட்டை மாட்டித் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு அவனுக்குப் போன் போட்டாள்.

“அது ஓலைப்பா.”

“இன்னா ஓலை?”

“எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழம பூசைல பேர் படிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தட இருந்தா வந்து சொல்லுங்கன்னு. இதுல ரெண்டாம் ஓலைன்னு ஃபாதர் சொல்றாரு. மூணாவது படிக்கறதுக்குள்ள டீச்சரக் காணோம். புடிக்காத கல்யாணம்பா அது!”

அந்த வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. பங்களாவைத் தேடி இருவரும் பைக்கில் மலையேறினார்கள். பங்களா கிடைக்கவில்லை, மழைதான் கிடைத்தது. வெள்ளிமலையில் ஒரு டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது, “நீ இல்லன்னா இந்த சேனலே இல்ல ஜெனி” என்றான் பகலவன். சொன்னது சேனலைத்தான். ஆனால் பார்த்த பார்வை சேனலைப் பார்க்கிற பார்வையாக இல்லை. அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

இதற்கிடையில் அவள் அப்பா இன்னாசி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஆல்பின் என்று ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்தார். ஆல்பின் மேல் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் வினை. “உனுக்கு சம்மதந்தானம்மா?” என்று அப்பா கேட்டார். பகலவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். எதை நம்பிச் சொல்வாள்? தலையாட்டினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஸ்டெல்லா டீச்சருக்காக அத்தனை வாய் பேசியவள் தனக்கென்று வந்தபோது ஊமையாகிப்போனாள்.

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் ஆயிற்று. அன்று மத்தியானம் பகலவனுக்குப் போன் செய்தாள். தன் கல்யாணத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை. தியரிதான் வந்தது.

“டீச்சருக்கு வேற ஒருத்தர் மேல ஆச. அவுரு வேற மதம். மூணாம் ஓல அன்னிக்கி வருவாரு, பூச முடிஞ்சதும் ஃபாதராண்ட போயி ஒரு வார்த்த சொல்லுவாருன்னு காத்துக்கினு இருந்தாங்க. சொன்னா ஃபாதர் கல்யாணத்த நிறுத்திட்டு, பொண்ணக் கூப்ட்டு மனசுல இன்னான்னு கேப்பாரு. அவுரு வரல. அதான் டீச்சர் போய்ட்டாங்க.”

“செம தியரி ஜெனி! நெஜமாவே ஓல படிக்கற சத்தம் கெடச்சா வீடியோல சேத்துருவேன்.”

“வர்ற ஞாயித்துக்கிழம எங்க கோயிலுக்கு வா. படிப்பாங்க.”

“யாருக்கு?”

“வந்து கேளேன்.”

எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் அவள் ஊர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, பிரசங்கம் முழுக்க வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில், கதவோரம், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆண்டவரே, வந்துட்டான் என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஃபாதர் வாசித்தார். இன்னாசியின் மகள் ஜெனிபருக்கும் ஆல்பினுக்கும் திருமணம். இது மூன்றாம் ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

பகலவனின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அது புரிந்தது அவளுக்கும் தெரிந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஃபாதர் அறையின் கதவை அவள் தலையசைத்துக் காட்டினாள். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு பெண் இதற்குமேல் என்னதான் செய்ய முடியும்?

நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போய்த் திரும்பி வந்தாள். கதவோரம் யாரும் இல்லை. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. இன்னாசி முன்வரிசையில் கைகூப்பி முழந்தாளில் இருந்தார்.

மத்தியானம் வீடெல்லாம் சொந்தக்காரர்கள். கல்யாணப் புடவைக்கு என்ன நிறம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனிபர் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தது. பகலவன் புது வீடியோ போட்டிருந்தான். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டாள்.

“நம்ம தியரில ஒரு தப்பு பண்ணிட்டோம்ங்க. அந்த ஆளு வரலன்னு சொன்னோம். வந்துக்கிறான். பின்னாடி நின்னுகினு எல்லாத்தயும் கேட்டுக்கிறான். அவன் வூட்ல இன்னா சொல்வாங்க, ஊர்ல இன்னா பண்ணுவாங்கன்னு பயம். டீச்சரோட அப்பா மூஞ்ச வேற பாத்துட்டான். வாயத் தொறக்காமப் போய்ட்டான். அவனும் அந்தப் பொண்ண உயிரா நெனச்சவன்தான். டீச்சர் அவன மன்னிச்சிடணும்.”

வீடியோவுக்குக் கீழே கமெண்டில் சண்டை களைகட்டியிருந்தது. கோழைப்பய என்று ஒருவர். பாவம், அவன் நிலைமை என்னவோ என்று இன்னொருவர். ஆதாரம் எங்கே என்று வேறொருவர். சுபஸ்ரீ என்கிற பெண் மட்டும் ஒன்று கேட்டிருந்தாள்: ‘அவன் வந்தத டீச்சர் பாத்தாங்களா?’

ஜெனிபர் கையைத் துடைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுதினாள்.

‘பாத்தாங்க. அதான் கொடும. வராமலே இருந்திருந்தா, தான் சொன்னது அவனுக்குப் புரியலன்னு நெனச்சிக்கினே காலத்த ஓட்டியிருப்பாங்க.’

கொஞ்ச நேரத்தில் பகலவன் அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டான். ஜெனிபர் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே எட்டிப்பார்த்த இன்னாசி, வெங்காயத்தை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னார்.